லேப்டாப் ஸ்லோன்னா உடனே ரேம் வாங்காதீங்க, முதல்ல டிஸ்க் என்ன பண்ணுதுன்னு பாருங்க

லேப்டாப் ஸ்லோ ஆயிடுச்சுன்னு யார்கிட்ட சொன்னாலும் முதல்ல வர்ற பதில் "ரேம் ஏத்து" தான், அதாவது ஓடிக்கிட்டு இருக்கற புரோகிராம் எல்லாம் தற்காலிகமா தங்கற மெமரியை. நானும் அதைத்தான் செஞ்சேன். 4 ஜிபி இருந்த லேப்டாப்ல இன்னொரு 4 ஜிபி போட்டு 8 ஆக்கிட்டு ஆசையா ஆன் பண்ணா, பாஸ்வேர்ட் அடிச்சு உள்ள போயி பிரவுசர் திறந்து முதல் பக்கம் வர்றதுக்குள்ள அதே நாலு நிமிஷம். ஒரு மாசம் கழிச்சு அதுல இருந்த பழைய ஹார்ட் டிஸ்க்கை கழட்டிட்டு சாதாரண சாட்டா எஸ்எஸ்டி (சுத்துற தட்டு இல்லாம சிப்லயே தகவலை வைக்கற டிரைவ், சாட்டாங்கறது அதோட இணைப்பு வகை) ஒண்ணு மாட்டினேன், அதே நாலு நிமிஷ வேலை அரை நிமிஷத்துக்குள்ள முடிஞ்சது. ரேமுக்குப் போட்ட காசு வீண்னு சொல்ல வரல, அந்த 8 ஜிபி பின்னாடி நல்லாவே உதவுச்சு, ஆனா எது முதல்ல எது அடுத்ததுன்னு தெரியாததால ஒரு மாசம் சும்மா கஷ்டப்பட்டேன். அந்த வரிசையை உங்க லேப்டாப்லயே எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு சொல்றேன், எல்லாமே விண்டோஸ் 10, 11 வெச்சுத்தான்.

ஏன் இதுல எல்லாரும் குழம்புறாங்கன்னா, ரேம் பத்தலைன்னாலும் டிஸ்க்தான் மாட்டிக்குது. ரேம் நிரம்பினதும் விண்டோஸ் அதுல இருக்கறதுல கொஞ்சத்தை எடுத்து டிஸ்க்ல பேஜ் ஃபைல்னு ஒரு ஃபைல்ல போட்டு வைக்கும், திரும்ப வேணும்னா அங்கேர்ந்து எடுத்துட்டு வரும். அதனால ரேம் குறைச்சலா இருக்கற லேப்டாப்லயும் டிஸ்க் 100 சதவீதம்னு காட்டும், ரேம் தாராளமா இருந்து டிஸ்க் மட்டும் மெதுவா இருக்கற லேப்டாப்லயும் அதே 100 சதவீதம்தான் காட்டும். வெளியிலேர்ந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான், மவுஸ் பக்கத்துல வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். வைத்தியம்தான் வேற வேற.

வேகத்துல எவ்வளவு வித்தியாசம்னு ஒரு கணக்கு சொல்றேன். ரேம்லேர்ந்து ஒரு சின்ன தகவலை எடுக்க ஏறக்குறைய 100 நானோ செகண்ட் ஆகும். எஸ்எஸ்டிலேர்ந்து எடுக்க அதைப்போல ஆயிரம் மடங்கு. சுத்துற ஹார்ட் டிஸ்க்லேர்ந்து எடுக்க லட்சம் மடங்குக்கும் மேல. ரேம்ல எடுக்கறது ஒரு நொடின்னு வெச்சுக்கிட்டா எஸ்எஸ்டில பதினேழு நிமிஷம், ஹார்ட் டிஸ்க்ல ஒரு நாளுக்கு மேல ஆகுதுன்னு அர்த்தம். பேஜ் ஃபைல் ஹார்ட் டிஸ்க்ல இருந்தா லேப்டாப் உறைஞ்சு போன மாதிரி நிக்கறது இதனாலதான்.

சரி, எப்படிப் பாக்குறது. லேப்டாப் சும்மா இருக்கும்போது பாத்தா ஒண்ணும் தெரியாது, அது உங்களை நிஜமா படுத்திக்கிட்டு இருக்கற நேரத்துல பாக்கணும். நீங்க வழக்கமா திறக்கற எல்லாத்தையும் திறந்து வைங்க, பிரவுசர்ல அத்தனை டேப், எக்செல், மீட்டிங் ஆப், என்னென்ன உண்டோ எல்லாம். அப்புறம் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினா டாஸ்க் மேனேஜர் வரும், அதுல பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்க. மெமரியை ஒரு தடவை, டிஸ்க்கை ஒரு தடவை கிளிக் பண்ணி ரெண்டு மூணு நிமிஷம் பொறுமையா கவனிங்க.

டிஸ்க்ல ரெண்டு எண்தான் முக்கியம், ஆக்டிவ் டைம் (டிஸ்க் எவ்வளவு நேரம் வேலையில இருக்கு), ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் (கேட்டதைக் கொடுக்க சராசரியா எவ்வளவு நேரம் எடுக்குது). எஸ்எஸ்டின்னா ரெஸ்பான்ஸ் டைம் பெரும்பாலும் ஒரு மில்லி செகண்டுக்குப் பக்கத்துலயே நிக்கும், ஹார்ட் டிஸ்க்ல 10, 20 வரைக்கும் இயல்பு. அது 300, 500, ஆயிரம்னு ஏறி அங்கேயே நின்னா டிஸ்க் மூச்சு முட்டுதுன்னு அர்த்தம். இன்னொண்ணு கவனிச்சுப் பாருங்க, ஆக்டிவ் டைம் 100 சதவீதம்னு இருக்கும், ஆனா கீழ ரீட் ஸ்பீடு ஒரு எம்பி கூட இருக்காது. முதல் தடவை பாக்கறப்போ எனக்கு அது புரியவே இல்ல, முழு மூச்சா ஓடுற டிஸ்க் எப்படி ஒரு எம்பி கூட படிக்காம இருக்கும்னு. காரணம் என்னன்னா லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 தடவை சுத்துறது, ஒரு சுத்துக்கு 11 மில்லி செகண்ட். வேணுங்கற இடம் ஹெட்டுக்கு, அதாவது தகவலைப் படிக்கற முனைக்கு, கீழ வர சராசரியா பாதி சுத்து, அதாவது அஞ்சரை மில்லி செகண்ட் காத்திருக்கணும், ஹெட் அந்த இடத்துக்கு நகர்றதுக்கு இன்னும் பத்து பன்னெண்டு. ஆக ஒரு நொடிக்கு அறுபது எழுபது தடவைதான் எடுத்துட்டு வர முடியும், ஒவ்வொரு தடவையும் எடுக்கறது 4 கேபி மாதிரி சின்னத் துண்டா இருந்தா மொத்தமே கால் எம்பிதான் ஆச்சு. விண்டோஸ் பூட் ஆகறதும் பிரவுசர் திறக்கறதும் இந்த மாதிரி ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளைப் படிக்கற வேலைதான். பெரிய சினிமா ஃபைல் ஒண்ணை காப்பி பண்ணும்போது அதே டிஸ்க் நொடிக்கு 100 எம்பி கொடுக்கும், அதை வெச்சு டிஸ்க் நல்லாத்தான் இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க.

மெமரி பக்கத்துல இன் யூஸ் எவ்வளவு, மீதி எவ்வளவுன்னு தெரியும். அதை விட எனக்கு நம்பிக்கையான எண் கமிட்டட். 9.6/11.2 ஜிபி மாதிரி ரெண்டு எண் இருக்கும். பின்னாடி இருக்கறது ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த எல்லை, முன்னாடி இருக்கறது இப்போ எல்லா புரோகிராமும் சேர்ந்து கேட்டு வாங்கி வெச்சிருக்கறது. உங்ககிட்ட 8 ஜிபி ரேம் இருக்கு, முன் எண் எப்பவும் 7க்குள்ள நிக்குதுன்னா ரேம் ஏத்தி பெருசா ஒண்ணும் ஆகப்போறதில்ல. 11, 12ன்னு நிக்குதுன்னா ரேம்தான் பிரச்சனை. இன்னும் உறுதியா தெரியணும்னா ரிசோர்ஸ் மானிட்டர் திறந்து மெமரி பக்கத்துல ஹார்ட் ஃபால்ட்ஸ்னு (வேண்டியது ரேம்ல இல்லாம டிஸ்க்லேர்ந்து எடுக்க வேண்டி வந்த தடவைகள்) இருக்கற கிராஃபைப் பாருங்க, ஒரு புரோகிராம் திறக்கும்போது குபுக்குன்னு ஏறி இறங்கினா பரவால்ல, சும்மா டேப் மாத்தும்போது கூட நூறு நூறா ஏறிக்கிட்டே இருந்தா ரேம் பத்தல.

இப்போ சேர்த்துப் பாருங்க. மெமரி 60 சதவீதத்துலயே இருக்கு, டிஸ்க் 100ல நிக்குதுன்னா டிஸ்க்கை மாத்தணும், அதுல சந்தேகமே வேணாம். மெமரி 90க்கு மேல, டிஸ்க்கும் 100, அதுவும் சுத்துற ஹார்ட் டிஸ்க்னா ரெண்டுமே தேவை, ஆனா காசு ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா எஸ்எஸ்டியை முதல்ல போடுங்க, ஏன்னா பேஜ் ஃபைலும் அதுக்கு மாறிடுறதால ரேம் குறைச்சலோட வலி பாதி குறையும். ஏற்கனவே எஸ்எஸ்டி இருக்கு, மெமரி 90க்கு மேல, ஆப் மாத்தும்போது மட்டும் திக்குதுன்னா ரேம். ரெண்டுமே சும்மா இருக்கு, சிபியு மட்டும் 100ன்னா அது சூடு, தூசி, இல்ல பின்னாடி ஓடுற ஏதோ ஒரு புரோகிராம், அதுக்கு நான் இங்க சொல்ற எதுவும் உதவாது.

எஸ்எஸ்டி வாங்கறப்போ எல்லாரும் மாட்டிக்கற இடம் ஒண்ணு இருக்கு. எம்.2ங்கறது வடிவத்தோட பேர் மட்டும்தான், அதுக்குள்ள ஓடுறது சாட்டாவாவும் இருக்கலாம், அதை விட வேகமான என்விஎம்இங்கற இணைப்பாவும் இருக்கலாம். எனக்கு விக்கிறவர் "எம்.2ன்னா எல்லாம் ஒண்ணுதான், மாட்டிக்கோங்க"ன்னு சொல்லி ஒண்ணைக் கொடுத்தாரு, அழகா உள்ள போய் உக்காந்துச்சு, ஸ்க்ரூவும் போட்டாச்சு, பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ் திரை) பாத்தா டிரைவே இல்ல. அது என்விஎம்இ மட்டும் எடுக்கற ஸ்லாட், நான் மாட்டினது சாட்டா. திருப்பி மாத்தி வாங்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. அதனால உங்க மாடல் நம்பரை போட்டு கம்பெனியோட சர்வீஸ் மேனுவலை டவுன்லோட் பண்ணி எந்த வகைன்னு பாத்துட்டு வாங்குங்க. நீளமும் பாருங்க, 2280ன்னா 22 மில்லிமீட்டர் அகலம் 80 மில்லிமீட்டர் நீளம், சின்ன லேப்டாப்ல 2242, 2230ன்னு குட்டையாவும் வரும். எம்.2 ஸ்லாட்டே இல்லாத பழைய லேப்டாப்னா ரெண்டரை இன்ச் சாட்டா எஸ்எஸ்டிதான், அது 7 மில்லிமீட்டர் தடிமன், பழைய டிஸ்க் 9.5 இருந்திருந்தா லேசா ஆடும், ஆடாம இருக்க கூட வர்ற பிளாஸ்டிக் சட்டத்தை வெச்சு மாட்டுங்க.

வேகம் பத்தி நேர்மையா சொல்லணும்னா, சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி வரைக்கும் போகும், மூணாம் தலைமுறை என்விஎம்இ 3500 வரைக்கும், நாலாம் தலைமுறை 7000 வரைக்கும். பேப்பர்ல பாத்தா பிரமாதம். ஆனா ஹார்ட் டிஸ்க்லேர்ந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறும்போது தெரியற வித்தியாசத்துல பத்துல ஒரு பங்கு கூட சாட்டாவுலேர்ந்து என்விஎம்இக்கு மாறும்போது தினசரி வேலையில தெரியாது, பூட் ஆகறதுல ஒண்ணு ரெண்டு நொடி மிச்சமாகும், அவ்வளவுதான். பெரிய வீடியோ எடிட் பண்றவங்களுக்கும் நூறு ஜிபி அளவுல ஃபைல் நகர்த்துறவங்களுக்கும்தான் அது நிஜமான லாபம். அதனால பழைய லேப்டாப்ல சாட்டா மட்டும்தான் எடுக்கும்னா வருத்தப்படாதீங்க. விலை ரொம்பக் குறைவான எஸ்எஸ்டில ஒரு விஷயம் மட்டும் தெரிஞ்சுக்கோங்க, கியூஎல்சி வகை சிப் (ஒரு செல்லுல நாலு பிட் வைக்கறது) இருந்தா முதல் கொஞ்ச ஜிபி வேகமா எழுதும், உள்ள இருக்கற கேஷ்ங்கற வேகமான தற்காலிக இடம் நிரம்பினதும் ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கே விழுந்துடும். தினம் பெரிய ஃபைல் எழுதறவங்க டிஎல்சி (ஒரு செல்லுல மூணு பிட்) வாங்கறது நல்லது. ரொம்ப மலிவான லேப்டாப் சிலதுல டிஸ்க்குக்குப் பதிலா 32, 64 ஜிபி இஎம்எம்சிங்கற சிப் இருக்கும், அது போர்டுலயே ஒட்டினது, கழட்ட முடியாது.

மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை. ஒண்ணு பேக்கப், இன்னொண்ணு பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11 லேப்டாப் நிறைய இப்போ டிஸ்க்கை தானாவே என்கிரிப்ட் பண்ணி வெச்சிருக்கு, நீங்க ஆன் பண்ணதே இல்லைன்னு நினைப்பீங்க, பயாஸ்ல எதையாவது மாத்தினதும் 48 இலக்க ரிகவரி கீ கேட்டு நிக்கும். அந்த கீ உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருக்கான்னு முன்னாடியே பாத்து ஒரு தாள்ல எழுதி வெச்சுட்டு அப்புறம் ஸ்க்ரூ டிரைவரை எடுங்க. பயாஸ்ல சாட்டா மோடு (டிரைவோட எந்த முறையில பேசணும்ங்கறது) ஏஹெச்சிஐயா ரெய்டான்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், விண்டோஸ் போட்ட பிறகு அதை விளையாட்டா மாத்தினா நீலத் திரை வந்து பூட் ஆகாம நிக்கும், பழையபடி மாத்தி வெச்சா சரியாயிடும். பழைய டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்து குளோன் பண்றதா, விண்டோஸைப் புதுசா போடுறதான்னு கேட்டா நான் புதுசா போடத்தான் சொல்வேன், வருஷக்கணக்கா சேர்ந்த குப்பையையும் சேர்த்து ஏன் புது வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகணும். ஆனா திரும்ப இன்ஸ்டால் பண்ண முடியாத சாஃப்ட்வேர் ஏதாவது இருந்தா குளோன் பண்ணுங்க, தப்பில்ல.

எஸ்எஸ்டி போட்டதுக்கு அப்புறம் அதை முழுசா நிரப்பாதீங்க, 15 இருபது சதவீதமாவது காலியா இருக்கட்டும். எஸ்எஸ்டி பழைய தகவல் மேல நேரா எழுத முடியாது, ஒரு பெரிய பிளாக்கை முழுசா அழிச்சுட்டுத்தான் எழுதணும், இடம் இல்லைன்னா உள்ளுக்குள்ளயே இங்கேயும் அங்கேயும் நகர்த்திக்கிட்டே இருக்கும், எழுதற வேகம் படுத்துடும். எந்த இடம் இனி வேணாம்னு விண்டோஸ் டிரைவுக்குச் சொல்றதுக்குப் பேர்தான் ட்ரிம். ஸ்டார்ட் மெனுவுல டிஃப்ராக்மென்ட் அன்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்னு தேடித் திறந்தீங்கன்னா உங்க டிரைவுக்கு நேரா சாலிட் ஸ்டேட் டிரைவ்னு இருக்கணும், ஷெட்யூல் ஆன்ல இருக்கணும். அதுல ஆப்டிமைஸ் அழுத்தினா எஸ்எஸ்டிக்கு ட்ரிம்தான் பண்ணும், பயப்படாதீங்க, வெளியிலேர்ந்து டவுன்லோட் பண்ண டிஃப்ராக் சாஃப்ட்வேரை (சிதறிக் கிடக்கற ஃபைல் துண்டுகளை ஒண்ணா அடுக்கறது) மட்டும் எஸ்எஸ்டி மேல ஓட விடாதீங்க. கழட்டின பழைய டிஸ்க்கை யுஎஸ்பி கேஸ்ல போட்டு பேக்கப்புக்கு வெச்சுக்கலாம், யுஎஸ்பி 3 போர்ட்ல சொருகுங்க, 2ல சொருகினா எந்த டிரைவா இருந்தாலும் நொடிக்கு 40 எம்பியைத் தாண்டாது.

இப்போ ரேம். விண்டோஸ் 11க்கு குறைஞ்சபட்சம் 4 ஜிபின்னு மைக்ரோசாஃப்ட் சொல்லுது, ஆன் ஆகும்ங்கற அளவுலதான் அது உண்மை. பிரவுசர், ஆபீஸ் வேலைன்னா 8, டேப் நிறைய திறக்கறவங்க, வீடியோ மீட்டிங்கும் கூடவே ஓடணும்னா 16. 32க்கு மேல போறதுக்கு எடிட்டிங், விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் ஓட்டறது) மாதிரி உறுதியான காரணம் இருக்கணும். வாங்கறதுக்கு முன்னாடி அதே டாஸ்க் மேனேஜர் மெமரி பக்கத்துல ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2 மாதிரி காட்டும், ஃபார்ம் ஃபேக்டர்னு ஒரு வரியும் இருக்கும். அங்க சோடிம்னு இருந்தா கழட்டி மாட்டற ரேம், ரோ ஆஃப் சிப்ஸ்னு இருந்தா போர்டுலயே சால்டர் பண்ணது, ஏத்த முடியாது. ரேமோட தலைமுறைகளான டிடிஆர்3, 4, 5 மூணுக்கும் வெட்டு இருக்கற இடம் வேற வேற, ஒண்ணோட ஸ்லாட்ல இன்னொண்ணு போகாது.

நிறைய பேர் கவனிக்காம விடுறது சேனல், அதாவது ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவுல தகவல் போற வழி. ஒரே 16 ஜிபி ஸ்டிக் போடுறதுக்கும் 8, 8ன்னு ரெண்டு போடுறதுக்கும் அளவு ஒண்ணுதான், ஆனா டிடிஆர்4 3200 ஒரு ஸ்டிக்குக்கு நொடிக்கு 25.6 ஜிபி வழி, ரெண்டு ஸ்டிக்னா 51.2. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்ல கிராஃபிக்ஸும் இதே ரேமைத்தான் பங்கு போடுது, அதனால கேம்லயும் ஃபோட்டோ எடிட்டிங்லயும் வித்தியாசம் நல்லாவே தெரியும். டைப் பண்றது, மெயில் பாக்கறதுக்கெல்லாம் தெரியாது. 8ம் 4ம் கலந்து போட்டாலும் பெரும்பாலும் ஓடும், இன்டெல் லேப்டாப்ல 4, 4 வரைக்கும் டூயல் சேனலா ஓடி மீதி 4 ஒத்தை வழியில ஓடும். வேகம் வேற வேறன்னா எல்லாம் மெதுவானதோட வேகத்துக்கு இறங்கிடும், புதுசா 3200 போட்டும் டாஸ்க் மேனேஜர்ல 2400ன்னு காட்டுதேன்னு கேக்கறவங்களுக்கு பதில் இதுதான்.

மாட்டறது கஷ்டமே இல்ல, அவசரப்படாம செஞ்சா போதும். ஷட்டவுன் பண்ணி சார்ஜரைக் கழட்டி, பின் மூடியைத் திறந்ததும் முதல்ல பேட்டரி கனெக்டரைக் கழட்டுங்க, பவர் பட்டனை பத்து நொடி அழுத்திப் பிடிங்க, உலோகத்தை ஒரு தடவை தொட்டுட்டு கையை வைங்க. ரேமை படுக்க வெச்சு அழுத்தக் கூடாது, சாய்ச்சு, கிட்டத்தட்ட முப்பது டிகிரில, தங்க நிறப் பின்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உள்ள தள்ளணும், அப்புறம் மெதுவா கீழ அழுத்தினா ரெண்டு பக்கமும் இருக்கற சின்ன உலோகக் கொக்கி டக்குன்னு பிடிக்கும். அந்தச் சத்தம் ரெண்டு பக்கமும் வரணும். பின்கள் லேசா தெரிஞ்சுக்கிட்டே கொக்கி பிடிச்சிருந்தா சரியா உக்காரல, எடுத்துட்டு மறுபடி மாட்டுங்க. முதல் தடவை ஆன் பண்ணும்போது ஒரு நிமிஷமோ அதுக்கு மேலயோ திரை கறுப்பாவே இருக்கலாம், புது ரேமை அது பழகிக்குது, டிடிஆர்5ல இது ரொம்ப சகஜம். அதுக்குள்ள பயந்து பவரை அணைச்சுடாதீங்க. வந்ததும் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் ஒரு தடவை ஓட விட்டுடுங்க, ரேம்ல கோளாறுன்னா பின்னாடி ஃபைல் கெட்டுப்போறது வரைக்கும் போகும்.

காசே செலவில்லாத செட்டிங்ஸுக்கு வரேன், இங்கதான் தப்பான அறிவுரை அதிகம். பேஜ் ஃபைலை ஆஃப் பண்ணா வேகமாகும்னு கேள்விப்பட்டு நான் ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன், 8 ஜிபி இருக்கேங்கற தைரியம்தான். ரெண்டு மணி நேரமா எழுதிக்கிட்டு இருந்த டாக்குமென்ட் திறந்திருக்கும்போதே மெமரி பத்தலைன்னு ஒரு பெட்டி வந்து ஆப் மூடிடுச்சு, எழுதினது போச்சு. அதை ஆஃப் பண்ணா எல்லையே ரேம் அளவுக்குச் சுருங்கிடும்ங்கறது அன்னைக்குத்தான் மண்டையில ஏறுச்சு. அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, விர்ச்சுவல் மெமரி, அங்க மேல இருக்கற ஆட்டோமேட்டிகலி மேனேஜ் டிக் இருக்கட்டும், அவ்வளவுதான் வேலை. லேப்டாப்ல எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் ரெண்டும் இருந்தா மட்டும் பேஜ் ஃபைல் எஸ்எஸ்டில இருக்கான்னு பாருங்க.

சிஸ்டம் கான்ஃபிகரேஷன்ல பூட் பக்கத்துல மேக்ஸிமம் மெமரின்னு ஒரு டிக் இருக்கு, அதைப் போட்டு முழு ரேமையும் "திறந்து விடலாம்"னு வீடியோ வருது, தயவு செஞ்சு தொடாதீங்க. அது ரேமைக் குறைச்சு டெஸ்ட் பண்றதுக்கான ஆப்ஷன், டிக் இல்லாம இருந்தாலே முழு ரேமும் கிடைக்கும். யாராவது ஏற்கனவே போட்டுட்டாங்களான்னு தெரிய டாஸ்க் மேனேஜர்ல ஹார்டுவேர் ரிசர்வ்டு (விண்டோஸுக்குக் கிடைக்காம ஒதுக்கி வெச்ச ரேம்) பாருங்க, சில நூறு எம்பின்னா இயல்பு, ஜிபி கணக்குல இருந்தா இந்த டிக்கையும், பயாஸ்ல கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கின மெமரி அளவையும் பாருங்க. 32 பிட் விண்டோஸ் இன்னும் ஓடிக்கிட்டு இருந்தாலும் இப்படி ஆகும், அது 4 ஜிபிக்கு மேல எடுக்காது. ரேம் கிளீனர் ஆப் எதுவும் வேணாம், காலியா இருக்கற ரேம் யாருக்கும் பிரயோஜனம் இல்ல, விண்டோஸ் அதுல அடிக்கடி தேவைப்படறதை கேஷா வெச்சிருக்கும், கேட்டா உடனே விட்டுக்கொடுக்கும், கிளீனர் அதைத் துடைச்சு விட்டா திரும்ப டிஸ்க்லேர்ந்து படிக்கணும். அதுக்குப் பதிலா ஸ்டார்ட்டப் ஆப்ஸ்ல தேவையில்லாததை ஆஃப் பண்ணுங்க, பிரவுசர்ல மெமரி சேவர் இல்ல ஸ்லீப்பிங் டேப்ஸ் ஆன் பண்ணுங்க, இது ரெண்டும் நிஜமா ரேமை மிச்சம் பிடிக்கும். ஹார்ட் டிஸ்க்லயே கொஞ்ச நாள் ஓட்ட வேண்டிய கட்டாயம்னா சிஸ்மெயின் (அடிக்கடி திறக்கறதை முன்கூட்டியே ரேம்ல ஏத்தி வைக்கறது) சர்வீஸை நிறுத்திப் பாக்கலாம், சிலருக்கு அந்த 100 சதவீதம் குறையும், எஸ்எஸ்டில அதை நிறுத்தி ஒரு லாபமும் இல்ல. வாரக்கணக்கா ஷட்டவுன் பண்ணியும் ஸ்லோன்னு சொல்றவங்க ஒரு தடவை ரீஸ்டார்ட் குடுங்க, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா ஷட்டவுன் விண்டோஸோட உள்பகுதியை அப்படியே டிஸ்க்ல சேமிச்சு வெச்சு திரும்ப எழுப்பும், ரீஸ்டார்ட்தான் முழுசா புதுசா தொடங்கும்.

கடைசியா ஒண்ணு, இது வேகம் பத்தினது மட்டும் இல்ல. திடீர்னு ஒரு வாரமா மட்டும் ஸ்லோ, முன்னாடி நல்லா இருந்துச்சுன்னா டிஸ்க் சாகப் போகுதான்னு பாருங்க. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, திறந்ததும் நீலமா குட்னு காட்டணும். மஞ்சள்ல காஷன்னு வந்தா, ரீஅலொகேட்டட் செக்டார்ஸ் (கெட்டுப்போய் வேற இடத்துக்கு மாத்தின பகுதிகள்), கரன்ட் பெண்டிங் செக்டார் (சரியா படிக்க முடியாம சந்தேகத்துல இருக்கற பகுதிகள்) ரெண்டு வரியிலயும் எண் பூஜ்யத்தைத் தாண்டியிருக்கான்னு பாருங்க, பெண்டிங் நாளுக்கு நாள் ஏறிக்கிட்டு இருந்தா, இல்ல டிஸ்க்லேர்ந்து டிக் டிக்குன்னு சத்தம் வந்தா, ஆப்டிமைஸ், ஸ்கேன், குளோன் எதையும் ஆரம்பிக்காதீங்க, ஒவ்வொண்ணும் அந்த டிஸ்க்கை இன்னும் வாட்டும். முதல்ல போட்டோ, டாக்குமென்ட், திரும்பக் கிடைக்காதது எதுவோ அதை வெளி டிரைவுக்கு எடுங்க, அது முடிஞ்ச அப்புறம் மத்தது.